குழாயடியில் யாரும் அப்படி நின்றதில்லை

என் படத்தின் மேல் ஒரு நாளிதழ்த் தாளை ஒட்டி மூன்று வருடமாகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. மலேசியாவின் பழைய ரப்பர் தோட்ட வாழ்க்கையைப் பற்றி எங்கள் ஊர் மண்டபம் ஒன்றில் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். மேசைகளில் பால்மரம் வெட்டும் உளி, பால் பிடிக்கும் மங்கு, வாளி, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, யாரோ பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த, ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோல் புத்தகம். சுவரில் உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்கள். அவற்றில் ஐந்து என்னுடையவை. அந்த ஐந்தில் ஒன்று, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக் கோடியில் இருந்த பொதுக்குழாயடியில் முதுகைக் காட்டி நின்று குளிக்கும் ஒரு பெண். உடம்பில் துணி இல்லை. சீன மையும் தூரிகையும்தான், வண்ணம் கிடையாது. பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பில் இறங்கும் கோடுதான் அந்தப் படத்தில் எனக்கு உயிர். அந்த ஒரு கோட்டுக்காக 40 தாளுக்கு மேல் கிழித்துப் போட்டிருந்தேன்.

திறப்பு விழாவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்தார். "டீச்சர், குடும்பமா வர்ற இடம். தப்பா எடுத்துக்காதீங்க. படத்தை இறக்க வேணாம், மூடி மட்டும் வச்சிடுவோம்" என்றார். நல்ல மனிதர். நான் ஏதாவது சொல்வேன் என்று சற்று நேரம் நின்று பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு பதிப்பின் நடுத்தாளை உருவி, சட்டத்தின் மேல்விளிம்பில் மட்டும் செலோடேப் போட்டு ஒட்டினார். கீழ்ப்பக்கம் தொங்கியது. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் தாள் கொஞ்சம் ஏறும், அந்தப் பெண்ணின் கணுக்கால் தெரியும், மறுபடி இறங்கும். மூன்று நாளும் அது அப்படியேதான் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று வாயில் வராததை எல்லாம் பிறகு மனசுக்குள் எத்தனையோ தடவை பேசிவிட்டேன். முதலில் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. மலாயில் தொங்கும் கம்பு, தொங்கும் தண்டு என்று பொருள். அதில் வேறு அர்த்தம் கேட்கிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். ஒரு மரத்தண்டையே இவ்வளவு சந்தேகத்தோடு கேட்கும் காதுகளுக்கு ஒரு பெண்ணின் முதுகு எப்படித் தாங்கும் என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் கோயில். எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்துக்கு வர்ணம் பூசியபோது, சுதைப் பெண்கள் அத்தனை பேருக்கும் பச்சையும் ஊதாவுமாக ரவிக்கை தீட்டினார்கள், கழுத்தோரத்தில் தங்க பார்டர் உட்பட. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதி சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் மார்பை அவ்வளவு நிதானமாக உருட்டி எடுத்திருந்தார். பெயிண்டரின் தூரிகை அரை மணியில் அதை மூடியது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சாரத்தின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்திய ஓவியர் எம்.எஃப். ஹுசேனையும் இழுத்துக்கொண்டேன். அவர் 1970களில் போட்ட துணியில்லாத சரஸ்வதி வெறும் கோட்டோவியம். இருபது வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 1996இல் ஒரு பத்திரிகை அதை எடுத்துப் போட்ட பிறகு வழக்கு மேல் வழக்கு. 2006இல் நாட்டை விட்டுப் போனார், 2010இல் கத்தார் குடியுரிமை பெற்றார், அடுத்த வருடம் லண்டனில் இறந்தார். இடையில் 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியும் அவர் திரும்பவில்லை. ஒரு சின்ன ஊர் மண்டபத்துச் செலோடேப்பை அதோடு ஒப்பிடக்கூடாது என்று தெரியும். ஆனால் கோபம் அளவு பார்த்து உதாரணம் தேடுவதில்லை.

இந்த வாதங்களில் எதையும் நான் இன்றைக்கும் கைவிடவில்லை. ஆனால் மூன்று வருடமாக என்னை உறங்கவிடாமல் வைத்திருப்பது, இரண்டாம் நாள் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்த ஒருவர் சொன்ன வார்த்தை. அதற்கு முன் அந்த முதுகு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கிருந்தோ வந்த முதுகு

நான் ஓவியம் படித்த கல்லூரியில் மாடல் முழு உடையில்தான் உட்காருவார். முழங்கை மடிப்பு, தாடை, கைவிரல்கள், அவ்வளவுதான் பார்த்து வரையக் கிடைத்த உடம்பு. மீதியை நூலகத்தில் படித்துக்கொண்டோம். என் கையில் விழுந்து என்னை மாற்றியவர் சான்யூ என்ற ஓவியர். சீனாவின் சிச்சுவானில் பிறந்தவர், 1920களின் தொடக்கத்தில் பாரிஸ் போனார். அங்கே மொன்பர்நாஸ் பகுதியில் கிராந்த் ஷோமியேர் என்ற வரைகூடம் இருந்தது. ஆசிரியர் வந்து திருத்தமாட்டார், தேர்வு கிடையாது. காசு கொடுத்தால் உட்காரலாம், எதிரே நிற்கும் மாடலை வரையலாம். மற்றவர்கள் கரியும் பென்சிலும் வைத்திருந்தபோது சான்யூ சிறுவயதில் எழுத்துப் பழகிய தூரிகையையும் கறுப்பு மையையும் எடுத்தார். சின்னத் தலை, பெருத்த தொடை, நின்று நிதானமாக வளையும் ஒரு கோடு. பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த பெண்களையும் அப்படியே தாளில் இறக்கினார். அவர் விட்டுப்போன தாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வறுமையில் வாழ்ந்து, 1966இல் தன் அறையில் எரிவாயு கசிந்து இறந்துபோனார். 2019இல் அவருடைய 'ஐந்து நிர்வாணங்கள்' ஹாங்காங்கில் 30 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது எண்ணெய் வண்ண ஓவியம். எனக்கு அந்த மைத் தாள்கள்தான் பெரிது.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். 1930களின் நடுவில் அவர் பேனாவும் மையும் வைத்து வரிசையாகப் போட்ட பெண்கள். நிழல் கிடையாது, ஒரு கோடுதான் தோலாகவும் ஒளியாகவும் ஆகும். பல படங்களில் மாடலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் அவள் முதுகு தெரியும், ஓரத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட மத்தீஸும் தெரிவார். அந்தக் கண்ணாடியை நான் அப்போது வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். பிறகு அதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

மை எனக்குப் பிடித்துப் போனதற்கு வீட்டில் ஒரு காரணம் இருந்தது. அம்மா 27 வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். பள்ளி விடுமுறையில் கூடப் போவேன். உளியை மரத்தில் வைத்து, ஏறக்குறைய 30 டிகிரிச் சாய்வில், பட்டையை ஒரு தாள் கனத்துக்குச் சீவிக்கொண்டே வருவார். மேலாகப் போனால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் உளி உள்தோலில் பட்டுவிடும், மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. கங்காணி வந்து பார்த்துவிட்டுத் திட்டுவார். போட்ட கோட்டை அழிக்க வழியில்லை என்பதை நான் மையில் கற்கவில்லை, அம்மா வெட்டிய மர வரிசையில், அந்த நிரையில் கற்றேன். கீரம்பூரில் பிறந்த தமிழ்நாட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த மைக்கோட்டுக் காந்திகளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்ததும் வெட்டுப்பட்ட பட்டைதான். சரி, அது தனிக் கதை.

ஆக, குழாயடிப் பெண்ணை வரையும்போது என் கையில் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. அம்மாவின் உளியிலிருந்து கோடு வந்தது என்று ஒன்று. தோட்டத்துப் பெண்ணின் உடம்பை யாரும் அழகு என்று வரையவில்லை, நான் வரைகிறேன் என்று இன்னொன்று. இரண்டிலும் நான் மனசார இருந்தேன்.

தாளைத் தூக்கிய கை

இரண்டாம் நாள் மத்தியானம் கூட்டம் இல்லை. பெரியம்மா வந்தார். அம்மாவுக்கு அடுத்த வீடு, அடுத்த நிரை, ஒன்றாகவே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் ஒன்றாகவே பால் நிறுத்து வந்தவர்கள். அம்மா போன பிறகு தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது அவர்தான். வயது 78. ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, காண்டாக் கம்பைத் தூக்கிப் பார்த்தார், "இது ரொம்ப லேசு, இது அசல் இல்ல" என்றார். அப்புறம் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்து தாள் தொங்கிய இடத்தில் நின்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு விரலால் தாளைத் தூக்கி, தலையைக் குனிந்து உள்ளே பார்த்தார். அடுப்பில் கஞ்சி வெந்துவிட்டதா என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு பாப்பா இவ?"

"நம்ம தோட்டத்துல ஒருத்தின்னு வச்சுக்குங்க பெரிம்மா. பால் நிறுத்துட்டு வந்து குளிக்கிறா."

"தோளு தப்பு" என்றார். "ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கு. இவ வாளியே தூக்கலியா?"

நான் பேசவில்லை. அவர் இன்னும் தாளை விடவில்லை.

"அப்புறம், குழாயடியில யாரும் இப்படி நின்னதில்ல. கைலிய நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுத்தான் குளிப்போம். ஈரத்தோட வீட்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால நின்னு மாத்துவோம். மாத்துறப்பவும் ஒரு கைலி உடம்புல இருக்கும், ஒண்ண போட்டுக்கிட்டுத்தான் இன்னொண்ண அவுப்போம். ரெண்டு ரூம்பு வீட்டுல எட்டுப் பேரு. எங்க போயி அம்மணமா நிக்கிறது?"

தாளை விட்டார். அது பழையபடி தொங்கியது. படம் அசிங்கம் என்று அவர் சொல்லவில்லை. கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பாராட்டினார்: "ஒரே இழுப்புல வந்திருக்கு, உங்கம்மா மாதிரி." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பலகாரம் வைத்திருந்த பக்கம் போனார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து என் வரைபடத் தாள்களை எல்லாம் தரையில் பரப்பினேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேடும் பள்ளமுமான நிரைகளில் நடந்து ஸ்டோருக்குக் கொண்டுபோன தோள் அது. 30 வருடம் தூக்கினால் ஒரு தோள் இறங்கும், கம்பு உட்கார்ந்த இடம் காய்த்துப் போகும், முதுகெலும்பு அதற்கேற்ற மாதிரி ஒரு பக்கம் வளையும். என் பெண்ணின் தோள்கள் தராசு முள் மாதிரி சமமாக இருந்தன. வேலை என்பதையே அறியாத முதுகு. மொன்பர்நாஸில் காசுக்கு நின்ற ஒரு பெண்ணின் முதுகை நான் எங்கள் குழாயடியில் கொண்டுவந்து நிறுத்தி, அவளைத் தோட்டத்துப் பெண் என்று சொல்லியிருக்கிறேன். மாடல் தொழிலும் உழைப்புதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவளுடைய உழைப்பு அது இல்லை.

இன்னொன்று அதைவிட ஆழமாகக் குத்தியது. துணியைக் கழற்றியது நான். அந்தப் பெண் கழற்றவில்லை. வேலைக்குப் போகும்போது புருஷன் சட்டையை முழுக்கை விட்டுப் போட்டு, தலையில் துண்டு, காலில் மேசோடு என்ற காலுறை, கொசுவுக்கு இடுப்பில் புகையும் சுருள் என்று மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மூடியிருந்த உடம்பு. குளிக்கும்போது கைலி. உறங்கும்போது பக்கத்தில் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்றை நான் தாளில் மிகச் சுலபமாகக் கொடுத்துவிட்டேன், அதுவும் அவர்களைக் கேட்காமல், ஊர் பார்க்கும் குழாயடியில்.

அறையும் கண்ணாடியும்

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த நவீன நிர்வாண ஓவியங்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. முன்பெல்லாம் உடம்பைப் பார்ப்பேன். இப்போது உடம்பைச் சுற்றி இருப்பதைப் பார்க்கிறேன். தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை, கட்டில், குளிருக்கு அடுப்பு, ஆளுயரக் கண்ணாடி, ஒரு மணி நேரம் சும்மா நிற்க யாரோ கொடுக்கும் கூலி. இவ்வளவும் இருந்தால்தான் அந்த வெறும் கோடு. மத்தீஸின் கண்ணாடி அலங்காரம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பார்க்கிற நான் இங்கே இருக்கிறேன் என்று தாளின் ஓரத்தில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என் குழாயடியில் நான் எங்கே நிற்கிறேன் என்று படத்தில் தடயமே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து யார் பார்க்கிறார்கள்? ஒளிந்து பார்ப்பவன் நிற்கும் இடத்தில்தான் நான் நின்றிருக்கிறேன்.

சான்யூவை விட்டு நான் பான் யூலியாங் என்ற சீனப் பெண் ஓவியரிடம் போனதும் இதனால்தான். 1895இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, விலைமகளிர் விடுதிக்கு விற்கப்பட்டவர். சுங்க அதிகாரி ஒருவர் மீட்டு இரண்டாவது மனைவியாக்கிக்கொண்டார். ஷாங்காயில் ஓவியம் படித்து, 1921இல் பிரான்சுக்குப் போய், லியோன், பாரிஸ், ரோம் என்று கற்றார். ஷாங்காயில் நிர்வாண மாடல் வைப்பதே அந்த நாட்களில் பெரிய சண்டை. அந்த ஓவியப் பள்ளியின் தலைவர் லியூ ஹாய்சூவுக்கும் ஆட்சியிலிருந்த தளபதிக்கும் 1926இல் நேருக்கு நேர் மோதல் வந்தது. வரைய ஆள் கிடைக்காமல் யூலியாங் பெண்கள் குளியல் கூடத்துக்குப் போய் ஒளித்து வைத்து வரைந்தார், கண்டுபிடித்து அடித்துத் துரத்தினார்கள், அப்புறம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் தன்னையே வரைந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்த்தது என்பது எனக்கு முக்கியமில்லை. குளியல் கூடத்திலிருந்து கண்ணாடிக்கு அவர் நடந்த தூரம்தான் எனக்கு வேண்டும். நான் குளியல் கூடத்திலேயே நின்றுவிட்டவள்.

ஊர் அவருடைய பழைய வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லியே அவரைக் குத்தியது. 1937இல் மறுபடி பாரிஸ் போனவர் 1977இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அந்தக் காலத்தில் அவர் மையில் வரைந்த பெண்களைப் பாருங்கள். கோடு சீனத்துக் கோடு, மெலிசாக, இறுக்கமாக. உடம்போ தடித்த இடுப்பும் மடிந்த வயிறுமாக, தலை சீவிக்கொண்டு, பூனையோடு, சும்மா உட்கார்ந்து. தம்மைப் பார்ப்பவர்களுக்காக அவர்கள் எதுவும் செய்வதில்லை. பின்புலத்தைச் சின்னச் சின்னக் கீற்றுகளால் நெய்து நிரப்பிவிடுவார், ஒரு சுவர் மாதிரி, அந்தப் பெண்களுக்கு ஒரு அறை கட்டிக் கொடுப்பது மாதிரி. உடம்பை விற்றவர்களிடமிருந்து மீண்டு வந்த ஒருத்திதான் இப்படி வரைய முடியும் என்று எனக்குப் படுகிறது. அவர் வரைந்த 4,000க்கும் மேற்பட்ட படங்கள் பின்னாளில் சீனாவின் அன்ஹூய் மாநில அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தன.

குழாயடிப் படத்தை அந்த வருடக் கடைசியில் சட்டத்திலிருந்து கழற்றினேன். கிழிக்கவில்லை. தவறான தோளோடு அது இருக்கட்டும்.

இந்த வருடம் பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது தாமான் குடியிருப்பில் மகளோடு இருக்கிறார். அவருக்கென்று ஒரு அறை, ஒரு இரும்பு அலமாரி, அலமாரிக் கதவில் நீளக் கண்ணாடி. மகள் வேலைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். "முதுகுல கை எட்டல, இந்தத் தைலத்தைக் கொஞ்சம் தேய்ச்சு விடு" என்று கட்டிலில் திரும்பி உட்கார்ந்து கைலியைத் தோளிலிருந்து இறக்கினார். தேய்த்தேன். என் விரல்கள்தான் முதலில் பார்த்தன. வலது தோளில் காய்ந்த எலுமிச்சை அளவுக்கு ஒரு மேடு, தோல் தடித்து, மற்ற இடத்தைவிடக் கறுத்து. அங்கிருந்து முதுகெலும்பு நேராக இறங்காமல் ஒதுங்கிப் போய், இடுப்புக்குச் சற்று மேலே திரும்பி வந்தது. வண்டி போய்ப் போய் விழுந்த தடம் மாதிரி. தேய்ப்பதை நிறுத்திவிட்டேன் போல.

"அன்னைக்குத் தப்பாப் போட்டியே" என்றார் திரும்பாமலே. "இதப் பாத்துப் போடு."

பையில் சின்னத் தாளும் மைப் பேனாவும் எப்போதும் இருக்கும். எடுத்தேன். கை நடுங்கியது. "இரு" என்றார். "கதவுக்குத் தாப்பா போட்டுட்டு வா."

போட்டுவிட்டு வந்தேன். அவர் கைலியை இடுப்புவரை இறக்கிவிட்டு, கொண்டையை அவிழ்த்து முன்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏறக்குறைய 40 நிமிடம். நடுவில் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார், ஒரு தடவை தண்ணீர் கேட்டார். ஒரே இழுப்பில் வரவேண்டும் என்ற ஆசை எனக்கு அன்று வரவே இல்லை. பேனா தோள் மேட்டில் ஏறி, நின்று, மை ஒரு பொட்டாக ஊறி, அப்புறம் இறங்கியது. முதுகெலும்பு ஒதுங்கும் இடத்தில் இரண்டு தடவை நின்றது. அலமாரிக் கண்ணாடியில் என் முகமும் கையும் தெரிந்தன, அவற்றையும் ஓரத்தில் போட்டேன். காகிதத்தில் மீதி இருந்த இடத்தில் கட்டிலையும் தலையணையையும் கதவின் தாழ்ப்பாளையும் போட்டேன்.

முடித்ததும் தாளை அவர் மடியில் வைத்தேன். கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைலியை ஒரு பக்கம் மட்டும் இறக்கி, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "இவ்வளவா எறங்கிருச்சு" என்றார். வலது தோளில் விரலை வைத்துத் தடவினார். மை காயவில்லை. கோடு அந்த இடத்தில் லேசாக இழுபட்டது, விரல் நுனி கறுப்பானது. கைலி ஓரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"புள்ளைங்க வர்ற நேரமாச்சு" என்றார். "கதவத் தொற."